அப்பாவின் வேட்டியும் எழுதப்படாத ஒரு விதியும்

பாகுபாட்டுப் புகார்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ஓர் உயர்தர உணவகத்திற்குப் பணம் கொடுத்துச் சாப்பிடப் போகலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த அனுபவத்தை எழுத முடியாது. நாங்கள் போனோம். என் பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளுக்காகத் தங்கையும் அவள் கணவரும் தெற்குத் தில்லியில் உள்ள அந்த உணவகத்தில் சன்னலோர மேசையொன்றை முன்பதிவு செய்து, தலைக்கு இவ்வளவு என்று முன்பணமும் கட்டியிருந்தார்கள். அதன்பின்தான் அந்த இடத்தைப் பற்றிய புகார்கள் என் கண்ணில் பட்டன. முன்பணம் போனால் போகட்டும் என்று ரத்து செய்திருக்கலாம். ஆனால் அப்பா தஞ்சாவூர் மாவட்டத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்திற்கும் கல்யாணத்திற்கும் கலெக்டர் அலுவலகத்திற்கும் வேட்டியிலேயே போனவர். அவர் நுழைய முடியாத இடம் என்று ஒன்றை நாங்களே முடிவு செய்து, அவரிடம் சொல்லாமல் வேறிடத்திற்கு மாற்றுவது, வாசலில் நிற்பவர் செய்யக்கூடியதை வீட்டிலேயே நாங்கள் செய்து முடிப்பதாகும் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே முதலில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “வரக் கூடாதுன்னா அவங்க வாயால சொல்லட்டும்மா. நான் பேண்ட் போட்டுக்கிட்டு வர மாட்டேன்” என்றார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். யாருடைய மரியாதை பாதிக்கப்படலாமோ அவரைக் கேட்காமல், அவருக்காக என்று சொல்லிக்கொண்டு நாம் போராட்டத்தில் இறங்குவதும் சரியில்லை, விலகிக்கொள்வதும் சரியில்லை.

அடுத்துச் செய்தது, அந்தப் புகார்களை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தது. உணவு ஆறியிருந்தது, பில் அதிகம், தாமதம் என்ற குறைகள் எந்த உணவகத்திற்கும் வரும், அவற்றைத் தள்ளிவிட்டேன். ஒருவரையொருவர் அறியாதவர்கள், வெவ்வேறு மாதங்களில், ஒரே மாதிரியான நடத்தையை விவரித்திருக்கிறார்களா என்பதைத்தான் தேடினேன். விவரித்திருந்தார்கள். சாதாரண சல்வார் அணிந்த தாயாருடன் வந்த ஒருவரிடம் இடமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். உள்ளே பாதி மேசைகள் காலியாக இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் உடன் அழைத்து வந்த குடும்பத்திடம், அவர் காத்திருக்க வெளியே நாற்காலி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வடகிழக்கு மாநிலத்து நண்பர்கள் குழுவிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் நிர்வாகம் எழுதியிருந்த பதில் ஒரே வாசகம்: தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், எல்லா விருந்தினர்களையும் சமமாக மதிக்கிறோம். நடந்ததை எந்த இடத்திலும் மறுக்கவில்லை, விசாரித்ததாகவும் சொல்லவில்லை. எந்தத் தேதி, எந்த வேளை, யார் பேசினார் என்று நிர்வாகம் திருப்பிக் கேட்டிருந்தால், அந்தப் புகாரை அவர்கள் மனத்தில் வாங்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இங்கே ஒரு பதிலில்கூட அந்தக் கேள்வி இல்லை.

இத்தகைய சம்பவங்கள் இந்தியப் பெருநகரங்களுக்குப் புதியவை அல்ல. 2016இல் கொல்கத்தா பார்க் தெருவின் புகழ்பெற்ற மொக்காம்போ உணவகம், தன் கார் ஓட்டுநருடன் சாப்பிட வந்த பெண்ணுக்கு, ஓட்டுநரின் உடையைக் காரணம் காட்டி மேசை தர மறுத்ததாக எழுந்த புகார் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. 2017இல் தில்லி கோல்ஃப் கிளப்பில், விருந்தினராக அழைத்து வரப்பட்ட மேகாலயப் பெண் ஒருவர், தம் காசி இனத்தின் ஜைன்செம் உடையில் அமர்ந்திருந்தபோது, பணிப்பெண் போலத் தெரிகிறார் என்று எழுந்து போகச் சொல்லப்பட்டார். 2023 டிசம்பரில் மும்பை ஜூஹூவில் கிரிக்கெட் வீரர் விராட் கோலியின் உணவகத்தில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர் வேட்டியோடு உள்ளே விடப்படவில்லை என்று காணொளி வெளியிட்டார். 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்றில், மகனோடு படம் பார்க்க வந்த வேட்டி கட்டிய விவசாயி தடுக்கப்பட்டார். அந்த வணிக வளாகத்தை ஏழு நாள் மூடவைக்கப் போவதாகக் கர்நாடக அரசு சட்டமன்றத்திலேயே அறிவித்தது.

இவற்றில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது, 2021 செப்டம்பரில் தில்லி ஆன்சல் பிளாசாவில் இருந்த அக்விலா உணவகத்தில் நடந்தது. ‘ஸ்மார்ட் கேஷுவல்’ (சாதாரணமானாலும் நேர்த்தியான) உடை மட்டுமே அனுமதி, புடவை அதில் சேராது என்று ஊழியர் ஒருவர் சொல்லும் சிறு காணொளி நாடெங்கும் பரவியது. தேசிய மகளிர் ஆணையம் விளக்கம் கேட்டது. உணவகத் தரப்போ, புடவையில் வந்த பெண்ணின் பெயரில் முன்பதிவு இல்லை என்றும், ஊழியர் ஒருவரை அவர் அடித்தார் என்றும் கூறி, தன்னுடைய கண்காணிப்புக் கேமராப் பதிவை வெளியிட்டது. அதன்பின் விவாதம் புடவையை விட்டு விலகி, அந்தச் சில நொடிகளுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைப் பற்றியதாக மாறிவிட்டது. சில நாள்களில் அந்த உணவகம் மூடப்பட்டது. ஆனால் அதற்குத் தெற்குத் தில்லி மாநகராட்சி காட்டிய காரணம், சுகாதார வணிக உரிமம் இல்லாமல் நடத்தினார்கள் என்பதே. புடவையோடு வந்தவரை உள்ளே விடலாமா கூடாதா என்ற கேள்விக்கு எந்த அதிகாரியும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலையே வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் அரசியல் சட்டம் எல்லாவற்றையும் தடுக்கிறது என்று நினைத்திருக்கிறோம். 15ஆம் உறுப்பின் இரண்டாம் பகுதி, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. இது அரசை மட்டும் அல்லாமல் தனியார் நடத்தும் கடைகளையும் கட்டுப்படுத்துகிறது. ‘கடை’ என்ற சொல் மிக விரிந்த பொருளில் ஆளப்பட்டிருப்பதாக 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். ஆனால் அந்த ஐந்து காரணங்களில் உடை இல்லை, ஏழ்மை இல்லை, ஏழையைப் போன்ற தோற்றமும் இல்லை. ‘நுழைவை மறுக்கும் உரிமை நிர்வாகத்திற்கு உண்டு’ என்ற பலகை எந்தச் சட்டத்தையும் மீறும் அதிகாரம் பெற்றதன்று. என்றாலும், உடை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் இடைவெளி அந்தப் பலகைக்குக் கிடைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் அந்த இடைவெளியை ஒரு தனிச்சட்டம் அடைத்திருக்கிறது. 2014 ஜூலையில், ஒரு நூல் வெளியீட்டு விழாவிற்காகச் சென்னைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்புக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடப்படவில்லை. மறு மாதமே, ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. வேட்டி அல்லது வேறு இந்தியப் பாரம்பரிய உடையைக் கண்ணியமாக அணிந்து வரும் எவரையும் பொது இடத்திற்குள் அனுமதிக்க மறுத்தால், உரிமம் ரத்தாகலாம்; ஓராண்டு வரை சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தப் பாதுகாப்பு தமிழ்நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகிறது. தில்லியில் அப்படியொரு சட்டம் இல்லை. வெளி மாநிலத்தில் பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வாசலில் நின்று தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சொன்னால் எதிரே இருப்பவருக்கு அது வாய்ப்பாகப் போய்விடும்.

சட்டம் நேரடியாக உதவாத இடத்தில், அவர்கள் சொல்லை எழுத்தில் வாங்கி வைப்பதுதான் நமக்கு உள்ள பிடி என்று முடிவு செய்தேன். உணவகத்தைத் தொலைபேசியில் அழைத்து, உடை விதி என்ன என்று கேட்டேன். “நன்றாக உடுத்தி வந்தால் போதும், மேடம்” என்றார்கள். வேட்டியும் தோல் செருப்பும் பரவாயில்லையா என்று கேட்டதற்கு, ஒரு பிரச்சினையும் இல்லை என்றார்கள். இதையே குறுஞ்செய்தியாக அனுப்ப முடியுமா என்றதும் குரல் மாறியது. மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர்கள் சொல்லவே இல்லை. உடனே நானே ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: முன்பதிவு எண், தேதி, நேரம், சன்னலோர மேசை, என் தந்தை வேட்டி, சட்டை, தோல் செருப்பு அணிந்து வருவார், இதற்குத் தடையில்லை என்று இன்று இத்தனை மணிக்குத் தொலைபேசியில் உறுதி கூறினீர்கள், மாற்றம் இருந்தால் நாளை மாலைக்குள் எழுதுங்கள், முன்பணத்தைத் திருப்பிப் பெற்றுக்கொள்கிறோம். பதில் வரவில்லை. பதில் வராததே அன்று இரவு எங்களுக்குப் பயன்பட்டது.

அன்று அம்மா காஞ்சிப் பட்டு உடுத்தியிருந்தார். அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் சலவை வேட்டியும். வாசல் காவலர் எங்களுக்கு முன்னால் போன இணைக்குக் கதவைத் திறந்துவிட்டார். அப்பாவிடம், யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். அப்பா நிதானமாக, “சாப்பிட வந்திருக்கோம்” என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு நடந்தார். வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண் அம்மாவின் புடவையைப் பாராட்டினார். பிறகு அப்பாவின் கால்களைப் பார்த்தார். உள்ளே போய்த் திரும்பி வந்து, முதன்மைக் கூடத்தில் இடம் இல்லை, கீழ்த்தளத்தில் தனியறை இருக்கிறது, அங்கே உங்களுக்கு இன்னும் வசதியாக இருக்கும் என்றார்.

பட்டுப் புடவைக்குப் பாராட்டும் வேட்டிக்குத் தயக்கமும் ஒரே நிமிடத்தில் கிடைத்ததை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். 2021க்குப் பிறகு புடவை கட்டிய பெண்ணைத் தடுப்பது ஆபத்து என்று தில்லி உணவகங்கள் கற்றுக்கொண்டன என்பது என் கருத்து. பாரம்பரிய உடையை மதிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பட்டில் அவர்களுக்குப் பணம் தெரிகிறது. வேட்டியிலும் செருப்பிலும் தெரியவில்லை. அதே உணவகத்தின் உணவுப் பட்டியலில் செட்டிநாட்டின் பெயரைத் தாங்கிய பதார்த்தம் ஒன்று இருந்தது என்பது எனக்கு மிகவும் வலித்தது.

நான் குரலை உயர்த்தவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். எங்கள் மேசையை மாற்றியது எந்த விதியின்படி? அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? மாற்றச் சொன்னவர் யார்? அந்தப் பெண்ணிடம் இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்காது என்பது தெரிந்ததுதான். அவரைச் சிறுமைப்படுத்தாமல், மேலாளரை அழைக்கச் சொன்னேன். மேலாளர் வந்து, மற்ற விருந்தினர்களின் சௌகரியத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். எந்த விருந்தினர் அசௌகரியப்பட்டார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன் என்றார். நான் மின்னஞ்சலை எடுத்துக் காட்டி, நீங்கள் சொல்வதை இதற்குப் பதிலாக இப்போதே ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள், நாங்கள் முன்பணத்தை வாங்கிக்கொண்டு போகிறோம் என்றேன். எழுதுவதற்கு அவர் தயாராக இல்லை. கிழிந்த ஜீன்ஸும் ஓட்டக் காலணியும் அணிந்த இளைஞர்கள் இருவர் அதே நேரத்தில் எங்களைத் தாண்டி முதன்மைக் கூடத்திற்குள் போனார்கள். மேலாளரும் அதைப் பார்த்தார். அதன்பிறகு அதே கூடத்தில் எங்களுக்கும் மேசை கிடைத்தது. சன்னலோரம் இல்லை, சமையலறைக் கதவை ஒட்டிய மேசை.

வாசலில் மறுப்பது அரிது; கேமராவில் பதிவாகும் என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. பாகுபாடு இப்போது உட்கார வைக்கும் இடத்தில் நடக்கிறது, பேசும் முறையில் நடக்கிறது. உணவுப் பட்டியல் தங்கையின் கணவருக்கும் எனக்கும் மட்டும் தரப்பட்டது. அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா கேட்ட கேள்விக்கும் பதில் மாப்பிள்ளையைப் பார்த்தே சொல்லப்பட்டது. அம்மா காரம் குறைவாகத் தரமுடியுமா என்று கேட்டதற்கு, இங்கே அப்படி மாற்றித் தருவதில்லை என்றார்கள். சற்று நேரத்தில் பக்கத்து மேசைக்கு அதே மாற்றம் செய்து தரப்பட்டது. இவை ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சிறிய விஷயம் என்று தோன்றும், புகார் எழுதினால் நாம் அற்பமாகத் தெரிவோமோ என்ற கூச்சமும் வரும். அதனால்தான் நடக்க நடக்க நேரத்தோடு கைப்பேசியில் குறித்துக்கொண்டே வந்தேன். வரிசையாகப் படிக்கும்போது அவை வேறு உருவம் கொள்கின்றன.

உணவு நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பாகப் பலாக்காயில் செய்த பிரியாணி. எங்களுக்குப் பரிமாறிய இளைஞர் மணிப்பூர்க்காரர். அவர் மட்டும் அப்பாவிடம் நேராகப் பேசினார், ஒவ்வொரு பதார்த்தத்தையும் அவருக்கும் விளக்கினார். தில்லி உணவகங்களில் வடகிழக்கு மாநிலத்தவர்கள் பெரிய எண்ணிக்கையில் வேலை செய்கிறார்கள். அவர்களே இந்த நகரத்தில் எத்தகைய அவமதிப்புகளைச் சந்திக்கிறார்கள் என்பது மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு 2014இல் அளித்த அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. யாரை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை, வேலைக்குச் சேரும்போது வாயால் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அந்த இளைஞர் எங்கள் அம்மாவிடம் சொன்னார். புகாரில் அவரைப் பற்றிய எந்தக் குறிப்பையும் நான் சேர்க்கவில்லை. அவருடைய வேலை போனால் எங்களுக்கு நியாயம் கிடைத்ததாகாது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா ஒன்று சொன்னார். “நான் வாத்தியாரா இருந்த ஊர்ல டீக்கடையில ரெண்டு விதமா கிளாஸ் வெச்சிருந்தாங்க. எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்க சில பேருக்கு அந்த வேற கிளாஸ்லதான் டீ. நான் அதைப் பார்த்துக்கிட்டே என் டீயைக் குடிச்சிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு எனக்கு நடந்தது அதுல கால்வாசிகூட இல்லம்மா.” அவர் சொன்னது உண்மை. சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் நம் மண்ணில் எப்போதும் ஒரு போர்க்களமாகவே இருந்திருக்கிறது. 1957இல் சென்னை முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தீண்டாமையை முன்னிட்டு ஒருவரை உணவகத்திலிருந்து விலக்குவதும், அவருக்குத் தனிப் பாத்திரம் வைப்பதும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணை நிற்கிறது. அப்படி நடந்தால் மேலாளரிடம் பேசிக்கொண்டிருக்கவோ நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கவோ தேவையில்லை. காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தனியே உண்டு. எந்த அவமதிப்பு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே புகாரில் கொட்டினால், கடுமையானது லேசானதோடு சேர்ந்து நீர்த்துப்போகும்.

பில் வந்தபோது பத்து சதவீதச் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. இதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைச் சொல்லி அந்தத் தொகையை நீக்கச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் நீக்கினார்கள். பரிமாறிய இளைஞருக்குக் கொடுக்க வேண்டியதை அப்பாவே அவர் கையில் கொடுத்தார். மேசை எண்ணும் நேரமும் அச்சான பில்லைப் பத்திரப்படுத்தினேன். எங்கள் மேசையிலிருந்து சமையலறைக் கதவு தெரியும்படியும், வெளியே வரும்போது சன்னலோரம் காலியாக இருந்த இரண்டு மேசைகள் தெரியும்படியும் படம் எடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் முகமோ ஊழியர் முகமோ விழாமல் பார்த்துக்கொண்டேன். வாசலில் காணொளி எடுக்கச் சொல்லி மாப்பிள்ளை வற்புறுத்தினார். அக்விலா விவகாரத்தை நினைத்து அதை நான் ஏற்கவில்லை. துண்டுக் காணொளி கோபத்தை விரைவாகத் திரட்டித் தரும்; ஆனால் அதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மாதச் சம்பளத்திற்கு நிற்கும் ஓர் இளம் ஊழியரின் முகம். உத்தரவு போட்டவர் அதில் இருக்க மாட்டார்.

அன்றிரவே புகார் எழுதினேன். காலம் கடத்தாததற்குக் காரணம் கண்காணிப்புக் கேமரா. பல இடங்களில் சில வாரங்களுக்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஆகவே குறிப்பிட்ட நேரத்து வரவேற்புப் பகுதிப் பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதையே முதல் வரியாக எழுதினேன். அதன் பிறகு நேர வரிசையில் நடந்தவற்றை, ‘அவமானம்’, ‘ஆணவம்’ போன்ற சொற்கள் இல்லாமல் எழுதினேன். கோபம் இல்லாமல் இல்லை. அந்தச் சொற்கள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்து முடித்துவிடுவார்கள். முடிவில் கேட்டவை: பணம் கட்டிப் பதிவு செய்த மேசையைத் தராததற்கான காரணம், உடை விதியின் எழுத்துப் பிரதி, முன்பணத்தில் சன்னலோர மேசைக்கென வாங்கிய கூடுதல் தொகை.

எதிர்பார்த்தபடி வருத்தம் தெரிவிக்கும் அதே வாசகம் வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். உடையைப் பற்றி அல்ல, பணம் வாங்கிய சேவையைத் தராததைப் பற்றி. அந்தப் பதிவு எண்ணோடு இரண்டாவது கடிதம் போன பிறகு, நிர்வாகத்திலிருந்து ஒருவர் பேசினார். கூடுதல் தொகை திரும்பி வந்தது. அதைவிட நான் பெரிதாக எண்ணுவது, உணவகத்தின் முன்பதிவு உறுதிச் செய்தியில் இப்போது உடை விதி எழுத்தில் வருகிறது என்பதுதான்: இந்தியப் பாரம்பரிய உடைக்கு அனுமதி உண்டு, விளையாட்டு உடைக்கும், ஆண்கள் அணியும் திறந்த காலணிக்கும் இல்லை.

விதி எழுத்தில் வந்ததால்தான் அதில் உள்ள கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது. வேட்டி கட்டும் ஆண்கள் பெரும்பாலும் செருப்புத்தான் அணிவார்கள். வேட்டியை ஒரு வரியில் அனுமதித்து, அடுத்த வரியில் செருப்பைத் தடுத்தால், அப்பாவைப் போன்றவர்களுக்கு வாசல் மறுபடியும் அடைபட்டதாகவே ஆகிறது. அதே கூடத்தில் பெண்கள் திறந்த காலணியோடு உட்காரத் தடையில்லை. உணவகம் உடை விதி வைத்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. முன்பே சொல்லப்பட்டு, வருகிற எல்லோருக்கும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்தப்பட்டால் அதை மதிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஆணுக்கு மட்டும் காலணித் தடை ஏன் என்பதற்கும், ஓட்டக் காலணி விளையாட்டு உடையில் சேருமா என்பதற்கும் விளக்கம் வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மின்னஞ்சல்கள், பில், படங்கள், நேரக் குறிப்புகள் எல்லாவற்றையும் அப்பா தம் கையெழுத்தில் வரிசை எண் போட்டு ஒரு கோப்பில் கட்டிக் கொடுத்திருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் மனு அவர் பெயரிலேயே போகும்.